உதவித்தொகைப் பட்டியலில் தவறுகளைத் தேடுவது எப்படி? தரவு வேலைக்குப் புதிதாக வருவோருக்கு

மாவட்ட அலுவலகத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு எக்செல் கோப்பைக் கொடுத்து, "இதில் எத்தனை பேர் போலி?" என்று கேட்பார்கள். கோப்பில் முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒரு லட்சம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் இது ஆளுக்கு மாதம் 1,200 ரூபாய் ஆனது. அந்தக் கேள்விக்கு அப்படியே பதில் தேடப் புறப்பட்டால் வேலை கெடும். 'போலி' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சங்கதிகள் அடைபட்டுக் கிடக்கின்றன.

இறந்தவர் கணக்குக்குத் தொடர்ந்து போகும் பணம் ஒன்று. தகுதி இல்லாமலேயே தகவலை மறைத்துச் சேர்ந்தவர்கள் இன்னொன்று. விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர் கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டது மூன்றாவது. இது முறைகேடே இல்லை, வெறும் பிழை. லாகின் வைத்திருப்பவரும் தரகரும் சேர்ந்து மொத்தமாக ஆட்களை ஏற்றுவது நான்காவது. ஆள் எண்ணிக்கையில் இது சின்னது, பணத்தில் பெரியது. ஐந்தாவதை யாரும் கேட்க மாட்டார்கள்: தகுதி இருந்தும் பணம் போய்ச் சேராதவர்கள். ஐந்துக்கும் தேடும் முறை வேறு, தீர்வும் வேறு. ஆகவே அறிக்கையில் இவற்றைத் தனித்தனி வரிசையாகப் போடுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள்.

முதலில் அளவெடுங்கள்

கணினியில் எந்த வடிகட்டியும் போடுவதற்கு முன், பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 400 பேரைத் தேர்ந்தெடுத்து நேரில் சரிபார்க்கச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டவர்கள் அல்ல, யாராக இருந்தாலும் 400 பேர். அதில் 20 பேர் விவரம் தவறு என்று வந்தால் தவறு விகிதம் 5 சதவீதம். ஏறக்குறைய 2 சதவீதம் கூடலாம், குறையலாம். இந்த எண் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்குவோர், ஆறு மாதம் கழித்து "எவ்வளவு குறைந்தது?" என்ற கேள்விக்கு நீக்கிய பெயர்களின் எண்ணிக்கையைச் சொல்லித் தப்பிப்பார்கள். நீக்கியது எத்தனை என்பது சாதனைக் கணக்கு ஆகாது. தகுதியானவர்களை நீக்கினாலும் அந்த எண் கூடத்தான் செய்யும்.

400 வீட்டுக்கும் போகும் கிராம நிர்வாக அலுவலர் அதே தெருவில், பணம் கிடைக்காத முதியவர் யாராவது உண்டா என்றும் கேட்டு எழுதிவரட்டும். கூடுதல் வேலை பத்து நிமிடம்.

கோப்பைத் திறக்கும்போதே நடக்கும் சேதம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். புதியவர்கள் கண்டுபிடிக்கும் 'மோசடி'களில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன.

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகத் திறந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். ஒரே கிளையில் அடுத்தடுத்துக் கணக்குத் தொடங்கிய பத்துப் பேருக்குக் கடைசி இலக்கம் மட்டுமே வேறாக இருந்திருக்கும்; இப்போது பத்துப் பேருக்கும் ஒரே கணக்கு. "ஒரே கணக்குக்குப் பத்துப் பேர் பணம்" என்று அறிக்கையும் பறந்துவிடும். முன்னால் பூஜ்யம் உள்ள கணக்கு எண்களில் அந்தப் பூஜ்யம் காணாமல் போவது இன்னொன்று. சேமித்த பிறகு இரண்டையும் திரும்பப் பெற முடியாது. எனவே கோப்பை இருமுறை கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செலில் தரவு இறக்குமதி வழியாகப் போய், எல்லா நெடுவரிசைகளையும் உரை என்று குறித்து ஏற்றுங்கள். பைத்தான் நிரல்மொழியில், அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தை வைத்து ஏற்றுபவர்களும் எல்லாவற்றையும் உரையாகவே படிக்க வேண்டும். எக்செலில் 10,48,576 வரிசைதான் கொள்ளும் என்பதால், மாநிலப் பட்டியல் என்றால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம்தான் வழி.

ஆதார் எண்ணில் 12 இலக்கம். 0, 1 இரண்டிலும் தொடங்காது. கடைசி இலக்கம், முந்தைய 11 இலக்கங்களிலிருந்து வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படும் சோதனை இலக்கம். ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் இது காட்டிக்கொடுக்கும். வங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த இடத்தில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டியிருப்பார்கள். 2020 ஏப்ரல் 1-இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. பழைய குறியீடு இன்னும் உட்கார்ந்திருக்கும் வரிசைகளைத் தனியே எடுங்கள். அவர்களுக்குப் பணம் திரும்பி வந்திருக்க வாய்ப்புண்டு. அவர்கள் ஐந்தாவது வகை, சந்தேகப் பட்டியலுக்குரியவர்கள் அல்ல.

தமிழ் எழுத்திலேயே ஒரு பொறி உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒரு பட்டியலின் கோமதி இன்னொரு பட்டியலின் அதே கோமதியோடு பொருந்தாமல் போவது இதனால்தான்; கொளஞ்சிக்கும் அப்படியே. எல்லாப் பெயர்களையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது இப்படிப்பட்ட எழுத்தை ஒரே விதமாகச் சேமிக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. பழைய எழுத்துரு குறியீட்டில் தட்டச்சான பட்டியல் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, நூறு பெயரைக் கண்ணால் வாசித்துப் பாருங்கள்.

பிறந்த தேதியைப் பார்த்தால் ஜனவரி 1 மலைபோலக் குவிந்திருக்கும். பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு ஆண்டை மட்டும் பதிவு செய்து, மாதமும் நாளும் தானாக நிரம்பியதன் விளைவு அது. தப்பு ஒன்றும் இல்லை. அதற்கு மாறாக, ஒரு தாலுகாவில் மட்டும் சரியாக 60 வயதில் கூட்டம் குவிந்து, 58, 59 வயதினர் குடும்ப அட்டைத் தரவில் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தால், அங்கே வயதைத் திருத்தும் கடை ஏதோ நடக்கிறது.

பெயரைப் பொருத்துவது

இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுவதுதான் அதிகப் பலன் தரும் சோதனை. அதில் எல்லா வரிசையிலும் ஆதார் எண் இருக்காது என்பதால் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம், ஊர் ஆகியவற்றை வைத்தே பொருத்த வேண்டியிருக்கும்.

ஒலியை வைத்துப் பெயர்களைப் பொருத்த, ஆங்கிலப் பெயர்களுக்காக உருவான சவுண்டெக்ஸ் முறையை இங்கே பயன்படுத்தாதீர்கள். அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். கணேசனை ஒருவர் 'ஜி'யில் தொடங்குவார், இன்னொருவர் 'கே'யில் தொடங்குவார், இரண்டும் இரு திசையில் போய்விடும். ஆங்கிலத்தில் உள்ள பெயர்களைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி, அதன் மேல் ஒரு சாவி, அதாவது ஒப்பிடுவதற்கான எளிய வடிவம், செய்துகொள்வது நல்லது: ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்குங்கள், ன, ண, ந ஒன்று, ர, ற ஒன்று, இரட்டித்த ஒற்றை நீக்குங்கள், குறில் நெடில் வேறுபாட்டையும் நீக்குங்கள். பழனி, பளனி, பலனி எல்லாம் ஒரே சாவிக்கு வந்து சேரும். தலைப்பெழுத்தைப் பிரித்துத் தனி நெடுவரிசையில் வையுங்கள். பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் தந்தையின் எழுத்து, பின் கணவரின் எழுத்து என்று இரண்டும் பதிவாகியிருக்கும் என்பதால், தலைப்பெழுத்து பொருந்தாததை வைத்து வேறு ஆள் என்று தள்ளாதீர்கள்.

ஒரு லட்சம் பயனாளிகளை 60,000 இறப்புப் பதிவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் 600 கோடி ஜோடி. அதனால் கூறுபோட வேண்டும். முதல் சுற்றில் ஒரே தாலுகா, ஒரே பாலினம், வயது வித்தியாசம் ஐந்துக்குள் இருப்பவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்து ஏன் என்றால், இறந்தவரின் வயதை உறவினர்கள் 70, 75 என்று முழு எண்ணாகத்தான் சொல்வார்கள். இரண்டாவது சுற்றில் ஊரை விட்டுவிட்டு, பெயர்ச் சாவியும் கணவர் அல்லது தந்தை பெயர்ச் சாவியும் பொருந்துபவர்களைப் பாருங்கள். இறப்பு, நடந்த இடத்தில்தான் பதிவாகும், சொந்த ஊரில் அல்ல. விழுப்புரத்துக்காரர் புதுச்சேரி ஜிப்மரில் இறந்தால் அந்தப் பதிவு இன்னொரு ஆட்சிப் பகுதியில் இருக்கும். பக்கத்து மாவட்டப் பதிவேடுகளை வாங்காமல் செய்யும் ஒப்பீடு பாதி ஒப்பீடுதான்.

பொருத்தத்துக்கு மதிப்பெண் போடும்போது பெயரின் அரிதுத்தன்மையையும் சேருங்கள். லட்சுமி, கோவிந்தன் மனைவி என்பது ஒரே ஒன்றியத்தில் பதினைந்து பேராக இருக்கலாம். கொப்புடையம்மாள் என்ற பெயரோடு கணவர் பெயரும் பொருந்தினால் அநேகமாக அவரேதான். பிறகு மூன்று கூடை: உறுதியாக ஒருவரே, உறுதியாக வேறு, ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. மூன்றாவது கூடை காலியாக இருந்தால் வரம்பைத் தவறாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் கூடையும் சந்தேகம் மட்டுமே. ஹரியானாவில் 2022-இல் 102 வயது முதியவர் ஒருவர், பதிவேட்டில் இறந்தவராகக் காட்டப்பட்டு ஓய்வூதியம் நின்றுபோக, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை ஊர்வலம் போல ரோத்தக் தெருக்களில் போய், தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. வாசலுக்கு ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

இறந்த மாதத்தில் ஒரு தவணை கூடுதலாகப் போவது இயல்பு. பதிவுக்கே 21 நாள் அவகாசம் உண்டு. ஒன்று, இரண்டு தவணைகளைத் தாமதம் என்றும், அதற்கு மேல் போய், பணமும் எடுக்கப்பட்டிருந்தால் விசாரணைக்குரியது என்றும் பிரியுங்கள். போன பணம் எடுக்கப்படாமல் கணக்கிலேயே இருந்தால் வங்கியிடம் திரும்பக் கேட்டால் போதும், குடும்பத்தைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

பிற துறைத் தரவு: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-இல் வைத்த வரம்புகள் இதைக் கற்க நல்ல எடுத்துக்காட்டு: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டுக்கு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள், நான்கு சக்கர வாகனம் இருக்கக் கூடாது. நான்குமே வேறு துறைகளின் பதிவேட்டில் தேடக்கூடியவை, நான்குமே ஏமாற்றக்கூடியவை.

மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் 3,600 யூனிட் தாண்டுவது எளிது. வாகனத்தை விற்றவர் பதிவுச் சான்றை மாற்றித் தராமல் விட்டிருப்பார். வண்டி வேறொருவரிடம், பெயர் இவரிடம். பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும். எட்டுப் பங்காளிகளில் ஒருவருக்கு முழு நிலத்தையும் கணக்கு வைத்துவிடும் கணினி. ஆகவே ஒவ்வொரு தரவுக்கும் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் பெயரில் பதிவாகிறது, எவ்வளவு காலம் பின்தங்கி வருகிறது, எந்த மாதத்து நிலை. கடந்த ஆண்டு வருமானத்தை வைத்து இந்த மாதத் தகுதியை முடிவு செய்வது தவறு.

ஆஸ்திரேலியா இதில்தான் வழுக்கியது. ரோபோடெட் என்று பெயர் பெற்ற திட்டத்தில், வரித்துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, உதவித்தொகை வாங்கியவர் அந்தந்த இருவாரத்தில் சொன்ன வருமானத்தோடு ஒப்பிட்டார்கள். நான்கு மாதம் வேலையில்லாமல் உதவி வாங்கி, எட்டு மாதம் வேலை பார்த்தவர், உதவி வாங்கிய காலத்திலும் சம்பாதித்ததாகக் கணக்கு காட்டியது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில். அது சட்டவிரோதம் என்று 2019-இல் முடிவானது. 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் கடுமையான அறிக்கை தந்தது. வகுத்தல் கணக்கு சரிதான். ஆண்டுத் தரவை வைத்து இருவாரக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் தவறு.

கும்பலைத் தேடும் வழி வேறு

தனி ஆளைப் பார்த்தால் கூட்டு மோசடி தெரியாது. 2020 கொரோனா காலத்தில் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. அலுவலர்களின் லாகினும் கடவுச்சொல்லும் தரகர்கள் கைக்குப் போய், நிலமே இல்லாதவர்கள் உட்பட ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. சேர்க்கப்பட்டவர்களில் பலருக்கு, ஏதோ கொரோனா உதவி என்று சொல்லித்தான் ஆதார் நகல் வாங்கியிருந்தார்கள்.

இப்படிப்பட்டதைப் பிடிக்க ஆள் விவரம் தேவையில்லை, நடப்பு விவரம் போதும். எந்த லாகின், எந்த மணிக்கு, எத்தனை ஒப்புதல் என்று ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு விண்ணப்பத்தைப் படித்து ஒப்புதல் தர மூன்று நிமிடமாவது வேண்டும் என்றால், ஒரு மணிக்கு இருபதுக்கு மேல் போகக் கூடாது. இருநூறு போனால் படிக்காமல் தட்டியிருக்கிறார்கள். அலுவலகம் பூட்டிய பின் வரும் ஒப்புதல்கள், ஒரே கைபேசி எண்ணில் பல விண்ணப்பங்கள், ஒரே இணைய இணைப்பு முகவரியிலிருந்து (ஐ.பி.) பல ஊர் லாகின்கள், ஊர் ஒரு மாவட்டம் வங்கிக் கிளை இன்னொரு மாவட்டம், மாதாந்திர எண்ணிக்கை திடீரென்று மும்மடங்காவது: இந்த ஐந்தையும் வாரம் ஒருமுறை ஓட்டினாலே போதும். ஆனால் ஒரே கைபேசி எண் என்பதை மட்டும் தனியாக நம்பாதீர்கள். கைபேசி இல்லாத பாட்டிகளுக்கு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் எண்ணையே போட்டிருப்பார்.

பணம் கணக்கில் ஏறிய பின்பும் தவறு நடக்கும். ஆதார் வழி பட்டுவாடாவில், கடைசியாக எந்த வங்கியில் ஆதார் இணைந்ததோ அங்கேதான் பணம் போகும். புதிதாக ஏதோ ஒரு கணக்கைத் தொடங்கிய பாட்டிக்கு அது தெரியாது. பழைய பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய், "பணம் வரலை" என்று திரும்பி வருவார். மூன்று மாதம் பணம் எடுக்காதவர்கள் பட்டியலில் இறந்தவர்களும் இருப்பார்கள், இவர்களும் இருப்பார்கள், விரல் ரேகை தேய்ந்து கருவியில் ஏறாத விவசாயக் கூலிகளும் இருப்பார்கள். பட்டியல் ஒன்று, செய்ய வேண்டியது மூன்று.

எத்தனை பேரைச் சந்தேகிக்கலாம்

ஒரு லட்சம் பேரில் 2 சதவீதம், அதாவது 2,000 பேர் தகுதியற்றவர்கள் என்று வையுங்கள். உங்கள் சோதனை அவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, தகுதியானவர்களில் 5 சதவீதத்தை மட்டுமே தவறாகக் காட்டுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிடிபடுவோர் 1,800, தவறாகச் சிக்குவோர் 98,000-இல் 4,900. பட்டியலில் உள்ள 6,700 பேரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அப்பாவிகள். இந்தக் கணக்கை மேலதிகாரிக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு "எல்லாரையும் நிறுத்திவிடு" என்ற உத்தரவு வருவது அரிது.

பட்டியலின் நீளத்தைக் களத்தில் இருக்கும் கைகள் தீர்மானிக்கட்டும். 300 கிராம நிர்வாக அலுவலர்கள், வாரத்துக்கு ஆளுக்கு ஐந்து வீடு என்றால் 1,500. சோதனையில் அதிகச் சந்தேக மதிப்பெண் வாங்கிய 1,350 பேரோடு, மதிப்பெண்ணே இல்லாத 150 பேரையும் குலுக்கலில் கலந்து அனுப்புங்கள். யார் எந்த வகை என்று களத்துக்குப் போகிறவருக்குத் தெரிய வேண்டாம். சோதனை தவறவிட்டவர்களை இந்த 150 பேரில்தான் பார்க்க முடியும்.

பழைய தரவிலிருந்து தானே கற்றுக் கணிக்கும் இயந்திரக் கற்றல் மாதிரிகளுக்கு முதல் ஆண்டில் அவசரப்படாதீர்கள். பழைய நீக்கப் பட்டியலை வைத்துப் பயிற்றுவித்தால், முன்பு எந்தத் தெருக்களில் அடிக்கடி ஆய்வு நடந்ததோ அந்தத் தெருக்களையே மாதிரி மறுபடியும் காட்டும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் அயல்நாட்டுக் குடியுரிமையை ஆபத்துக் குறியாக எடுத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின, 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. நம் ஊரில் சாதி, மதம் நெடுவரிசைகளை நீக்கினால் மட்டும் போதாது. தெருப் பெயரும் பின்கோடும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். அவற்றையும் மதிப்பெண்ணிலிருந்து எடுங்கள்.

நோட்டீஸ், முடிவு, பதிவு

தெலங்கானாவில் கணினி ஒப்பீட்டை நம்பி ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அந்த வேலையை முதலிலேயே செய்துவிடுவது மலிவு. நோட்டீஸ் தமிழில் இருக்கட்டும். எந்தத் துறைப் பதிவில் எந்தத் தேதியில் என்ன இருக்கிறது, அது தவறென்றால் எந்தச் சான்றை யாரிடம் எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று எழுதுங்கள். கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும். குறுஞ்செய்தி பேரன் கைபேசிக்குத்தான் போகும். இறப்பு உறுதியான நேர்வு தவிர, பதில் வரும்வரை பணத்தை நிறுத்தாதீர்கள்.

ஆதார் எண்ணோடு கூடிய பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது இன்னும் நடக்கிறது, நடக்கக் கூடாது. எண்ணை மறைக்க வெறும் ஹேஷ், அதாவது எண்ணை வேறொரு குறியீட்டுச் சரமாக மாற்றும் கணக்கு, போதாது. 12 இலக்கம்தான் என்பதால் எல்லா எண்களையும் முயன்று பார்த்து உடைத்துவிடலாம். ரகசியச் சாவியோடு கூடிய ஹேஷ் போட்டு, சாவியை வேறு அலுவலரிடம் வையுங்கள்.

களத்திலிருந்து திரும்பும் முடிவுகளுக்குக் குறியீடு வேண்டும்: இறந்தவர், தகுதியற்றவர், அலுவலகப் பிழை, ஆள் வெளியூர், சந்தேகம் தவறு, பணம் சேராதவர். 'சந்தேகம் தவறு' என்பதற்குப் பக்கத்தில், எந்தத் தரவு ஏமாற்றியது என்று ஒரு கட்டம் இருக்கட்டும். மூன்று மாதத்தில் அதை எண்ணிப் பார்த்தால், உதாரணமாக மின் இணைப்புத் தரவு பத்தில் எட்டு முறை பொய் சொன்னது தெரியவரும். அதன் மதிப்பெண்ணைக் குறைக்கலாம், அல்லது தூக்கிவிடலாம். தவறாக நிறுத்தப்பட்டவருக்கு எந்த மாதத்திலிருந்து நிலுவை, எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்ற இரண்டு கட்டங்களும் அதே அட்டவணையில் இருக்க வேண்டும். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் வரிசைகளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடுத்துத் தனி வட்டாட்சியர் மேசைக்கு அனுப்புங்கள்.